கையளவு வெயில்

ஜூலியா மறுபடியும் போர்வைக்குள் தலையை நுழைத்துப் போனைப் பார்த்தாள். டாக்டரிடமிருந்து பதில் வரவில்லை.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இதே வேலை. போன் வெளிச்சம் க்ளென் மேல் பட்டுவிடக் கூடாதே!

கணவன் க்ளெனுக்குத் தொண்டையில் புற்றுநோய்க் கட்டி. ஆராய்ச்சியில் இருக்கும் புது மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களில் அடைத்து நரம்பில் ஏற்றினார்கள். வெளிச்சம் பட்டால்தான் துகள் திறக்கும். தொண்டைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி, கட்டியின் மேல் மட்டும் சிவப்பு வெளிச்சம் அடித்தார்கள்.

கட்டி பாதிக்குமேல் வற்றிவிட்டது என்று போன வாரம் டாக்டர் சொன்னபோது, ஜூலியா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

ஆனால் மிச்சத் துகள்கள் தோலில் தங்கியிருக்கும். வெளிச்சம் பட்டால் அங்கேயும் திறந்து புண்ணாக்கிவிடும்.

வெயிலும் பளீர் விளக்கும் கூடாது என்றுதான் நர்ஸ் சொன்னார். ஜூலியா அதோடு நிற்கிறவளா? ஆஸ்பத்திரிக்குக்கூட அவனைத் தலை முதல் கால் வரை போர்த்தித்தான் கூட்டிப்போனாள். ஜன்னலுக்கெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டினாள். ஃபிரிட்ஜ் பல்பைக் கழற்றினாள். மாதா படத்தின் கீழே எரிந்த குட்டி பல்பையும், மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அணைத்தாள்.

எதிர்வீட்டுப் பழனிச்சாமியையும் விடவில்லை. டிசம்பர் பிறந்தால் மர்பி டவுனில் அவர்கள் சந்து முழுக்கக் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கும். பழனிச்சாமி கும்பிடுவது முருகனை. ஆனால் சந்திலேயே பெரிய ஸ்டார் அவனுடையதுதான். அது நேராகத் தன் கதவில் அடிக்கிறது என்று போய்ச் சண்டை போட்டாள். அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் ஜூலியா கதவைத் திறப்பதில்லை. ஒருவரும் வந்து தட்டவுமில்லை. வருஷா வருஷம் ஏணி தூக்கி எல்லார் வீட்டுக்கும் ஸ்டார் கட்டிக்கொடுத்தவன் க்ளென். அவனுக்கே இந்த மரியாதையா என்று ஜூலியாவுக்கு வயிறு எரிந்தது.

போகட்டும். இன்று கோபப்பட நேரமில்லை.

நேற்று மதியம், டாக்டர் சொன்னபடி, காகிதப் பையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டு, க்ளென் கையை அதற்குள் விட்டு, கதவிடுக்கு வழியாகப் பத்து நிமிடம் வெயிலில் நீட்டவைத்தாள். ஒரு நாள் கழித்துத் தோல் சிவந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் இருட்டு. சிவக்காவிட்டால் நாளைக்குக் கிறிஸ்துமஸ் பூசைக்கே போகலாம்.

அவள் கண்ணுக்குச் சிவக்கவில்லை. டாக்டர் கண்ணுக்கு? இன்று மதியமே படம் எடுத்து அனுப்பியாயிற்று. இப்போது மணி ஏழு.

போன் அதிர்ந்தது.

தோல் நன்றாக இருக்கிறது, வெளியே வரலாம் என்றிருந்தது.

கத்தினாள் பாருங்கள் ஒரு கத்தல், சந்துக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும்! க்ளெனை இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினாள். இருபத்தேழு நாள் இருட்டில் இருந்தவனுக்கு ஸ்டார் வெளிச்சம் கூசுமே என்று, உள்ளங்கையால் அவன் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் கதவைத் திறந்தாள்.

பொத்தியிருக்கவே வேண்டாம்.

சந்து இருட்டாக இருந்தது. கரண்ட் போய்விட்டதா? யார் வீட்டிலோ மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

கண் பழகியதும் தெரிந்தது. எல்லா வாசலிலும் ஸ்டார் தொங்கியது. ஒன்றுகூட எரியவில்லை. அவற்றின் கீழே ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள்.

எதிர்வாசலில் பழனிச்சாமி, சுவிட்சில் கை வைத்தபடி.

"ஜூலியாக்கா, இப்பவாச்சும் போடலாமா?"