ஒற்றைக்கை விரதம்

முதல் குத்திலேயே கம்பவுண்டரின் கண்ணாடி இரண்டாகப் போனது. இரண்டாவது குத்தில் மூக்கு.

"எங்க பாட்டியப் பத்தி இன்னொரு வாட்டி சொல்லு பார்ப்போம்!" என்று கத்தினான் மூத்த பேரன். லாரி ஓட்டி ஓட்டி உரமேறிய கை. கூடத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் நான்கு கவிழ்ந்தன. ஐந்தாவதன் மேல் கம்பவுண்டர் கவிழ்ந்தார்.

பாட்டி போய் ஒரு மாதம் ஆனதற்கான நினைவுக் கூட்டம் அது. சுவரில் பெரிய சட்டத்துக்குள் பாட்டி சிரித்துக்கொண்டிருந்தாள். எறும்பைக்கூட நசுக்க விடமாட்டாள் என்று அரை மணி நேரம் முன்புதான் இதே பேரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தான்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. வந்தவர்கள் எல்லோரும் பாட்டியின் பக்தியைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அவள் விரதங்கள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, தானாக ஏற்படுத்திக்கொண்டவை. பேசா விரதம் என்றால் பத்து நாள் வாய் திறக்க மாட்டாள், பாலும் தண்ணீரும்தான். முக்காட்டு விரதம் என்றால் முகத்தை மூடிக்கொண்டு இருட்டறையில் பிரார்த்தனை.

எல்லாவற்றிலும் கடினமானது ஒற்றைக்கை விரதம். இடக்கையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, மூன்று வாரம் வலக்கையாலேயே சமைப்பாள், துவைப்பாள், பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள். ஏன் என்று கேட்டால், "சாமிக்கு நேர்ந்துக்கிட்டது கண்ணு, கேக்கக் கூடாது" என்பாள்.

"அப்பா காலை முறிச்சுக்கிட்டு எட்டு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தாரே, அந்த வருஷம் மட்டும் அம்மா ஒரு விரதமும் எடுக்கல" என்றாள் பெரிய அத்தை. "புருஷனை இப்படிப் படுக்க வெச்சிட்டியேன்னு சாமி மேல அவ்வளவு கோவம்!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. முன்வரிசையில் இருந்த தாத்தா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் பேரன் தன் மனைவியைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் நிறுத்தினான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். அவள் இடக்கை மணிக்கட்டில் வெள்ளைத் துணி.

"பாட்டி போனாலும் அவங்க விரதம் போகல. இப்ப இவ எடுத்திருக்கா!"

கைதட்டல் காதைப் பிளந்தது. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. தெருமுனை கிளினிக்கில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பவுண்டர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

"அந்தம்மா சாமி கும்பிட்டாங்க. நெஞ்சுருகக் கும்பிட்டாங்க. ஆனா வாழ்நாள்ல ஒரு விரதமும் இருந்ததில்ல. நீயும் இருக்காதம்மா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குத்தான் கண்ணாடியும் மூக்கும்.

"விடாதடா! என் தெய்வத்தைப் பொய்க்காரி ஆக்குறான்!" என்று தாத்தா எழுந்து வந்தார். கைத்தடியின் நுனியால் கம்பவுண்டரின் விலாவில் ஒரே குத்து. எண்பது வயதுக்குத் தேர்ந்த குத்து.

பேரன் கம்பவுண்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினான். பாட்டியின் படம் ஆடியது. "சொன்னது பொய்யின்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடு. உயிரோட வீடு போய்ச் சேருவ."

"பொய்யில்ல தம்பி."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அத்தை அங்கிருந்தே கேட்டாள்.

"அதைச் சொல்ல மாட்டேன். அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

அறை விழுந்தது. பல் ஒன்று தெறித்துப் படத்துக்குக் கீழே போய் விழுந்தது. இத்தனை உறவுக்காரர்களில் ஒருவரும் நடுவில் வரவில்லை. "நெஞ்சுல அடிக்காதப்பா, ஆள் போயிட்டா கேஸாயிடும்" என்று பெரிய மாமா மட்டும் உட்கார்ந்தபடியே நியாயம் பேசினார்.

பேரன் குனிந்து, உடைந்த நாற்காலியின் காலைப் பிடுங்கி எடுத்தான். பாட்டி மேல் இவ்வளவு பாசமா என்று சிலருக்குக் கண் கலங்கியது.

"கடைசியா கேக்குறேன். பொய்யின்னு சொல்றியா, மண்டையப் பொளக்கட்டுமா?"

கம்பவுண்டர் ரத்தத்தைத் துப்பினார். அவர் பார்வை அவன் மீது இல்லை, அவனுக்குப் பின்னால் நின்ற பெண்ணின் மீது இருந்தது. மெதுவாகத் தலையை ஆட்டினார். மாட்டேன்.

கட்டை உயர்ந்தது. அந்தப் பெண் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"உள்ள போடி!" கட்டை அவள் பக்கம் திரும்பியது.

அவள் பழக்கத்தில் கண்ணை மூடித் திறந்தாள். உள்ளே போகவில்லை. கம்பவுண்டர் அருகில் தரையில் உட்கார்ந்து, மணிக்கட்டில் இருந்த முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். துணி நழுவி விழுந்தது. கையை அவர் மடியில் வைத்தாள்.

தாத்தா கைத்தடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நாலு நாளா விரல் அசையலைய்யா. பாட்டிக்குக் கட்டுப் போட்டது நீங்கதானே?"