மெத்தைக் கடையான தியேட்டர்

மலேசியாவில் கூலிம் ஊரின் அந்தத் தியேட்டர் இப்போது மெத்தை, சோபா விற்கும் கடை. முன்பு ஒரு தீபாவளிப் படம் ஓடியபோது உள்ளே இரண்டு கும்பல்கள் வெட்டிக்கொண்டன. பின்வரிசையில் ஒருவன் கழுத்தறுபட்டுச் செத்தான். அறுத்தவன் அகப்படவே இல்லை. பிறகு தியேட்டரை மூடிவிட்டார்கள்.

வாணியும் அவள் கணவன் புவனேஸ்வரனும் மத்தியானம் அங்கே சோபா வாங்கப் போனார்கள். பின்சுவரோரம் கிடந்த சோபாவில் அவன் சாய்ந்து உட்கார்ந்தான்.

"நல்லாதான் இருக்கு லா. நீயும் உட்காரு."

சொல்லி முடிப்பதற்குள் அவன் தலைமுடி பின்னால் இழுபட்டது. பின்னால் யாருமில்லை. கழுத்தில் மெல்லிய கோடு விழுந்து ரத்தம் கசிந்தது.

"விடுடா அவர!"

வாணி பக்கத்தில் விற்பனைக்கு நின்ற நிலைவிளக்கின் இரும்புக் கம்பத்தைத் தூக்கி, அவனுக்குப் பின்னால் ஓங்கி அடித்தாள். எலும்பில் பட்டதுபோல் கம்பம் அதிர்ந்தது. மறுபடி அடித்தாள். சுவரில் ரத்தம் தெறித்தது. புவனேஸ்வரன் விடுபட்டு இருமினான்.

கடைக்காரர் தயாளன் ஓடிவந்தார். "யார அடிச்சீங்கக்கா?"

"தெரியலண்ணே. ஆனா பட்டுச்சு."

தரையில் ரத்தக் காலடிகள் ஒவ்வொன்றாகப் பதிந்தபடி வாசலைத் தாண்டின. எதிரே கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். காலடிகள் அவர்களுக்குப் பின்னால் படியேறின.

வாணி கம்பத்தோடு ஓடினாள். "எல்லாரும் இறங்குங்க! இறங்குங்க லா!"

ரத்தம் சொட்டும் கம்பத்தைப் பார்த்த டிரைவர், பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு பஸ்ஸைக் கிளப்பினார்.