அஞ்சு நட்சத்திர வாத்தியார்

காலை வெயில் கணினித் திரையில் கூசுகிறது. தையல்காரரான அப்பா, செய்தி படிக்கும் இலவச மென்பொருளின் ஓரத்து விளம்பரத்தை விரல் வைத்து வாசிக்கிறார். "சர்க்கரை மாத்திரைக்கு முழுக்குப் போடலாமாம்மா!" மாத்திரை அட்டை தையல் மெஷின் மேல் மூன்று நாளாகப் பிரிக்காமல் கிடக்கிறது. "அது செய்தி இல்லப்பா, விளம்பரம்." "போடி. இதுல விளம்பரத் தொல்லையே கெடையாதுன்னு ரிட்டயரான வாத்தியார் ஒருத்தர் கருத்து எழுதி, அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்காரு. படிச்ச மனுஷன் பொய் சொல்வாரா?" வீட்டின் முதல் பட்டதாரியான மகள் மாத்திரை அட்டையை எடுக்கிறாள். சம்பளத்துக்காக அந்த மென்பொருள் கம்பெனியில் உட்கார்ந்து, வாத்தியாராகவும் இன்னும் நாற்பது பேராகவும் கருத்து எழுதித் தள்ளியவள் அவள்தான். மாத்திரையைப் பிரித்து நீட்டுகிறாள். "அந்த வாத்தியார் நான்தாம்ப்பா." அப்பா வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "ரிட்டயராகுற வயசாடி உனக்கு?" மறுபடி திரைக்கே திரும்புகிறார். நீட்டிய உள்ளங்கை வியர்வையில் மாத்திரை மெல்லக் கரைகிறது.