மூன்று தூண்கள்

கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகன், இரண்டு வருடம் கழித்து அம்மாவின் போனுக்கு ஒரே ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனுக்குப் பின்னால், ஏதோ ஐரோப்பியப் பழங்காலக் கோயில்போல, மூன்று உடைந்த தூண்கள். எந்த ஊர் என்று ஒரு வார்த்தை இல்லை. கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை.

“அவன் மூஞ்சியை எனக்குக் காட்டாதே” என்று அப்பா அன்றே சொல்லிவிட்டார்.

அம்மா கம்ப்யூட்டரில் கிரேக்க, ரோமானிய இடிபாடுகளின் படங்களையும் வரைபடங்களையும் தேடிக்கொண்டே இருந்தாள். எல்லாத் தூண்களும் ஒன்றுபோலவே தெரிந்தன. தலை சுற்றியது.

“இடிஞ்ச கல்லைப் பாத்து என்ன கிடைக்கப் போகுது?” என்றார் அவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

“கிடைச்சாச்சு. இதோ, அதே மூணு தூண்!”

அவர் எட்டிப் பார்த்தார்.

“இது இல்ல. இதுல தூணுக்கு அடியில பீடம் இருக்கு. அவன் படத்துல தூண் நேரா தரையிலேருந்து எழும்புது.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“நீங்கதான் அந்தப் படத்தைப் பாக்கவே இல்லையே?”

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

“நீ குளிக்கப் போறப்பல்லாம் உன் போனை எடுத்துப் பாப்பேன். இத்தாலி முழுக்கத் தேடிட்டேன், அங்க இல்ல. நீ கிரேக்கப் பக்கம் பாரு.”