திரும்பி வராத புறா

“எனக்குத் திரும்பி வராத புறா ஒண்ணு வேணும்” என்றான் பெனிக்.

தலைநகர் யெரெவானின் பறவைச் சந்தையில் செரோப் முப்பது வருடமாகப் புறா விற்கிறான். இப்படிக் கேட்டு அவனிடம் ஒருவரும் வந்ததில்லை. “உன் புத்தி எங்கடா மேயப் போச்சு? அது திரும்பி வராட்டி நாளைக்கு எதைக் கொண்டுபோய்க் குடுப்ப?” என்று சிரித்தான்.

அவன் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. கோர் விராப் மடத்துக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளுக்கு வெள்ளைப் புறா விற்பதுதான் பெனிக்கின் பிழைப்பு. அவர்கள் மதிலருகே நின்று, மனதில் ஒன்றை வேண்டிக்கொண்டு, எதிரே தெரியும் மாசிஸ் மலையைப் பார்த்துப் புறாவைப் பறக்கவிடுவார்கள். அது மலைப்பக்கம் போனால் வேண்டியது பலிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. எங்கள் மலைதான், ஆனால் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், வேறு நாட்டில் இருக்கிறது. எங்களால்தான் போக முடியாது, புறாவாவது போகட்டுமே.

ஆனால் புறா போகாது. ஒரு வட்டம் அடித்துவிட்டு நேராக மடத்துக் குன்றின் அடிவாரத்துக்கு இறங்கி, பெனிக்கின் வீட்டுக் கூரையில் அவனுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் அதே புறா, வேறு ஆள், வேறு வேண்டுதல். பயணிகளோ அதற்குள் படம் எடுத்து முடித்து, சுட்ட ஆட்டுக்கறி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை வருடம் இதெல்லாம் பெனிக்கை உறுத்தியதில்லை. சாத்தெனிக் அக்கா வர ஆரம்பித்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது.

சாத்தெனிக்கின் ஒரே மகன் தாத்துல் போருக்குப் போனவன். போர் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. அவள் ஏறாத அலுவலகம் இல்லை, எல்லா இடத்திலும் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மடத்துக்கு வந்துவிடுகிறாள்.

“வழி தெரிஞ்ச புறாவா குடு தம்பி” என்பாள், ஒவ்வொரு தடவையும் அதையேதான். புறாவின் உச்சியில் முத்தமிட்டுப் பறக்கவிடுவாள். மற்றவர்கள் கொஞ்ச நேரமாவது வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள் மலையை ஏறிட்டும் பார்க்காமல் விறுவிறுவென்று படி இறங்கி, அடிவாரத்து வேன் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த நிறுத்தம் பெனிக்கின் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. இரண்டொரு வேனை விட்டுவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பதுண்டு. முழங்கால் வலி போல என்று பெனிக் நினைத்துக்கொள்வான். எப்போதாவது அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்துத் தொலைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குப் பயம். பெற்ற வயிற்றை ஏமாற்றுகிறோமே என்று சாப்பாடுகூட இறங்கவில்லை.

அதனால்தான் செரோப்பிடம் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் செரோப் சிரிப்பதை நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து ஒரு புறாவை எடுத்து வந்தான். பிறந்ததிலிருந்து கூண்டைவிட்டு வெளியே வராத பறவை. உடம்பெல்லாம் வெள்ளை, வாலில் மட்டும் ஒரு கறுப்பு இறகு. இதைத் திறந்துவிட்டால் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது, உன் வீட்டுக்கு மட்டும் வராது என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தெனிக் வந்தாள். கறுப்பு இறகைத் தடவிப் பார்த்து, புதுசா என்று கேட்டாள். “ரொம்ப வழி தெரிஞ்சது அக்கா” என்று பெனிக் வாய் கூசாமல் பொய் சொன்னான்.

புறா காற்றில் ஒரு கணம் தடுமாறியது. பிறகு எல்லைக் கம்பிவேலியைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, மலையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. பெனிக்கால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. மதிலோரம் நின்ற வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். சாத்தெனிக் அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டிருந்தாள்.

பரவாயில்லை, புறா மலைக்குப் போனதை நாமே சொல்வோம் என்று பெனிக் அன்று சீக்கிரமே கூண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினான். வெயில் சாய்ந்திருந்தது. அவள் இன்னும் நிறுத்தத்தில்தான் இருந்தாள். மூன்று வேன் போய்விட்டது, அந்த அம்மா அசையவில்லை என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள்.

“அக்கா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி” என்று ஆரம்பித்தான்.

“கொஞ்சம் பொறு தம்பி” என்றாள். அவள் கண் அவனுடைய கூரையில் இருந்தது. அங்கே மடத்திலிருந்து திரும்பிய புறாக்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து தானியம் கொத்திக்கொண்டிருந்தன.

பெனிக் கூண்டைக் கீழே வைத்தான். மன்னித்துவிடுங்கள் அக்கா, ஏமாற்றவேண்டும் என்று செய்யவில்லை என்று குழறினான்.

“மொத வாரமே தெரியும் தம்பி. அதுங்க வீட்டை மறக்காதுன்னுதான உங்கிட்டயே வாங்குறேன்” என்றாள் அவள். “நான் விட்டது வந்து கூரையில உக்காருறதைப் பார்த்துடணும். இது வந்த மாதிரி எம் புள்ளையும் வந்துருவான்னு ஒரு வாரத்தை ஓட்டிருவேன்.”

பெனிக் திரும்பி மலையைப் பார்த்தான். அந்தப் பக்கத்து வானத்தில் ஒன்றுமே இல்லை.

சாத்தெனிக் நகர்ந்து அவனுக்கும் உட்கார இடம் கொடுத்தாள். கூரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எல்லாம் வந்துருச்சு. என் புறா மட்டும் எங்க தம்பி?”