கடைசி ஆளின் கை

குல்மார்க்கில் பனி ஸ்கூட்டர் ஏறும் முன், டூர் கூட்டிப்போன மணிவண்ணன் ஒரே ஒரு மரியாதையைத்தான் சொல்லிக்கொடுத்தார். "எதிர்ல வண்டி வந்தா, உங்க பின்னாடி எத்தனை பேரோ அத்தனை விரல் காட்டணும். கடைசி ஆள் கையை மூடிக் காட்டணும். அப்பதான் யாரும் பனியில விடுபட்டுப்போக மாட்டாங்க."

"எங்க பெரம்பலூர்ல கையை மூடினா, விலை இறங்காதுன்னு அர்த்தம் சார்" என்றான் பாத்திரக்கடை ராஜராஜன்.

"பேரம் பேசாம ஓட்டுங்க" என்றாள் அவன் மனைவி வெற்றிச்செல்வி.

ராஜராஜன்தான் கடைசி. பாதி மலையில் எதிரே வண்டியில் வந்த காஷ்மீர்க்காரர் வழியை விடாமல் நின்றார். இவன் கையை மூடிக் காட்டினான். அவர் இவன் முதுகுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, ஒரு விரல் காட்டினார். இவன் மூடிய கையை ஆட்டினான். அவர் விரலை மடக்கவில்லை. முன்னே மனைவியின் வண்டி மூட்டத்தில் மறைந்துகொண்டிருந்தது. விடாப்பிடியான கிராக்கிக்குப் படிந்துபோவதுபோல், "சரிய்யா, ஒண்ணு" என்று இவனும் விரல் காட்டினான். உடனே வழி கிடைத்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம், சிறுவாச்சூர் கோயிலுக்குக் கணவனும் மனைவியும் மட்டும் ஆளுக்கொரு ஸ்கூட்டரில் போனார்கள். உச்சிவெயில். குறுகலான பாதையில் எதிரே வந்த டிராக்டர் ஓரங்கட்டியது. முன்னே போன வெற்றிச்செல்வி கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, விளையாட்டாகக் கையைத் தூக்கினாள்.

இரண்டு விரல்.

ராஜராஜன் திரும்பிப் பார்த்தான்; பின்னால் யாருமில்லை. டிராக்டரைத் தாண்டும்போது மூடிய கையை உயர்த்தி, "நான்தாங்க கடைசி!" என்று கத்தினான்.

டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.

"இருங்க சார், அவரும் போயிடட்டும்."