ஒரு வரியும் இரண்டு பெட்டிகளும்

வாய் இல்லாமல் பாடும். வயிற்றுக்குள் விளக்கு எரியும். அந்த விளக்கு சூடாகும்வரை ஒரு சத்தமும் வராது. அது என்ன? கண்டுபிடித்துவிட்டீர்களா? பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர்தான். கிதாரின் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் பெட்டி அது.

அப்படி இரண்டு பெட்டிகள் ஒரு ரிப்பேர் கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இன்றும் மிஞ்சியிருக்கும் இத்தகைய பெட்டிகளைப் பற்றி, அந்தக் கடையை நடத்தும் மெர்சி எழுதிய புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போகிறது. அதிலுள்ள பெட்டிகளின் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் காலியாக இருந்தது.

"நான் மேடை ஏறினவன். அந்த வரி எனக்குத்தான்," என்றது பெரிய பெட்டி.

"பாதிப் பாட்டுல புகை விட்டதையும் சேர்த்து எழுதச் சொல்லவா, அண்ணே?" என்றது சின்னப் பெட்டி.

"போடா! உன் முன்பக்கத் துணியை எலி கடிச்சிருக்கு, அதைப் பாரு."

மெர்சி இரண்டின் முதுகுப் பலகையையும் கழற்றினாள். இரண்டிலும் ஒரே பென்சில் கையெழுத்து: கனகவல்லி. அவற்றைச் செய்த தொழிற்சாலையில், உள்ளே ஒயர்களைப் பற்றவைத்தவர் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் பெட்டியை மூடுவார்.

"அட, நீ நிஜமாவே என் அண்ணன்தானா!" என்றது சின்னது.

"சரி, வரியை நீயே வச்சுக்க," என்றது பெரியது.

"வேண்டாம், நீதான் மூத்தவன்."

"வச்சுக்கடா!"

மறுபடியும் சண்டை தொடங்கியது.

"இருக்கிறது ஒரு வரிதான். நீயே பார்த்து எழுது, ஜெனி," என்று மெர்சி பக்கத்தில் நின்ற மகளிடம் பேனாவைக் கொடுத்தாள்.

ஜெனி அந்த வரியில் கனகவல்லியின் பெயரை எழுதினாள்.